டயர் லைட் எரிந்தால் பரிசோதனைக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மஹய்யாவயில் கடையைத் திறந்து கொண்டிருக்கும்போது லொறி வைத்துத் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர் வந்தார். தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி கண்டியில் கொஞ்சம் இறக்கிவிட்டு, மிச்சத்தைக் கடுகண்ணாவ வழியாகக் கொழும்புக்குக் கொண்டுபோவது அவருடைய தொழில். லொறிக்கு ஃபிட்னஸ் எடுக்கும் நாள் நெருங்கியிருந்தது. அந்தத் தகுதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது, லொறி வீட்டு வாசலில்தான் நிற்கும்.

அவர் ஒரு வருடத்துக்கு முன் டயரின் காற்றைக் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கிப் பூட்டியிருந்தார். ஒவ்வொரு வல்வின் மூடியையும் கழற்றிவிட்டு அதற்குப் பதில் ஒரு சென்சர் மூடியைப் பூட்டுவார்கள். டிரைவருக்கு முன்னால் இருக்கும் மீட்டரில் ஒவ்வொரு டயரின் காற்றும் தெரியும். அதில் இடது பக்கப் பின் டயர்களில் வெளி டயருக்குச் சிவப்பு லைட் விழுந்து கொண்டே இருந்தது. இரண்டு தடவை காற்று அடித்தும் அணையவில்லை.

"நானா, மீட்டர கழட்டி வெச்சிட்டு போனா செக் பண்றவங்களுக்கு என்ன தெரிய போகுது?" என்று கேட்டார்.

தெரியாதுதான். அது லொறியோடு வந்த சாமான் அல்ல, அவர் தானாகப் பூட்டியது. கழற்றிவிட்டுப் போனால் யாரும் கேட்கப் போவதில்லை. அதை நான் மறுக்கவில்லை. "கழட்டுறதுக்கு முந்தி நல்ல கேஜ் ஒண்ட வெச்சி ஆறு டயரயும் பாப்போம்" என்றேன்.

பார்த்தோம். லைட் காட்டிய வெளி டயரில் காற்று சரியாக இருந்தது. அதற்கு உள்ளே இருக்கும் டயரில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது! இடையில் ஒரு தடவை டயர்களை மாற்றிப் பூட்டியபோது சென்சர் மூடிகள் இடம் மாறியிருக்கின்றன. உள் டயரின் மூடி வெளியே வந்துவிட்டது, வெளி டயரின் மூடி உள்ளே போய்விட்டது. டிரைவர் மீட்டர் சொன்ன இடத்தில் அடித்தார், குறை இருந்தது வேறு இடத்தில். கழற்றிப் பார்த்தபோது உள் டயரில் ஓர் ஆணி.

பின்னால் இரட்டைச் சில்லு உள்ள வாகனம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உள் டயரை யாரும் பார்ப்பதில்லை. காற்று இறங்கினாலும் பக்கத்து டயர் சுமையைத் தாங்கிக்கொள்வதால் லொறி சாய்வதும் இல்லை. காலால் உதைத்துப் பார்க்கும் பழக்கத்தினால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து விரிகிறது. அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. மற்ற டயரோ தன் அளவுக்கு மேல் சுமக்கிறது. முழுச் சுமையோடு கடுகண்ணாவ இறக்கத்தில் பிரேக்கின் சூடும் ரிம் வழியாக இதோடு சேர்ந்தால் எந்த டயர் முதலில் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. முன்னால் ஒரு ஸ்கூல் வேன் போய்க்கொண்டிருக்கலாம்.

இனி, கம்பனியிலிருந்தே டயர் லைட் உள்ள கார், கெப் வாகனங்களைப் பற்றிச் சொல்கிறேன். ஜப்பானில் இது சட்டப்படி கட்டாயமில்லாததால் அங்கிருந்து வந்த வாகனங்கள் பலவற்றில் இந்த லைட்டே கிடையாது. இருப்பவற்றில், குதிரை லாடம் போன்ற ஒரு வடிவத்தின் நடுவில் ஆச்சரியக்குறி இருக்கும், மஞ்சள் நிறம். அது இரண்டு விதமாகப் பேசும். திறப்பைப் போட்டபின் அணையாமல் அப்படியே எரிந்தால், ஏதோ ஒரு டயரில் காற்றுக் குறைவு. ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம் மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், பெரும்பாலான வாகனங்களில் டயரில் குறை இல்லை, சென்சரிலோ அதன் தொடர்பிலோ கோளாறு. முதலாவதற்குத் தேவை காற்று, அல்லது பஞ்சர் ஒட்டுவது. இரண்டாவதற்குத்தான் கெரேஜ். இந்த வித்தியாசம் தெரியாமல் மின்னும் லைட்டுக்குக் காற்று அடித்துக் கொண்டிருப்பவர்களும் உண்டு, வெறும் காற்றுக் குறைவுக்குப் புதுச் சென்சர் வாங்கியவர்களும் உண்டு.

சென்சர் வல்வின் அடியில், ரிம்முக்குள் இருக்கும். அதன் பற்றரி மூடி அடைத்தது, ஐந்து முதல் பத்து வருடம் வரை உழைக்கும். அதன்பின் பொதுவாகச் சென்சரையே மாற்ற வேண்டியதுதான். ஆகவே பத்து வருடம் ஓடிய வாகனத்தை வாங்குபவர் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். டயர் மாற்றப் போகும்போது சென்சர் இருக்கிறது என்று பாஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். லீவரை அந்த இடத்தில் போட்டால் உடைந்துவிடும். பஞ்சருக்கு ஊற்றும் பசையும் சென்சரின் துவாரத்தை அடைத்துவிடலாம்.

இன்னொரு வகை வாகனத்தில் ரிம்முக்குள் சென்சரே இருக்காது. ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சில்லு சுற்றும் வேகத்தை அளக்கிறார்களே, அதை வைத்தே கணக்குப் பார்க்கும். காற்று இறங்கிய டயர் சற்றுச் சிறியதாகி மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும், லைட் விழும். இந்த வகையில்தான் ஒரு பொறி இருக்கிறது. காற்றுச் சரி செய்தபின் ரீசெட் செய்ய வேண்டும். சிலர் காற்றையே பார்க்காமல் ரீசெட்டை மட்டும் அழுத்திவிட்டு, லைட் அணைந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். குறைந்த காற்றையே 'இதுதான் சரியான அளவு' என்று வாகனத்துக்குக் கற்றுக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். நாலு டயரிலும் ஒரேயளவாகக் காற்று இறங்கினாலும் இந்த வகை சிலவேளை கண்டுகொள்ளாது.

இந்த லைட் எப்படி வந்தது என்று தெரிந்தால் அதை அணைக்க மனம் வராது. அமெரிக்காவில் போர்ட் எக்ஸ்ப்ளோரர் ஜீப்புகளில் பயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்தில் பிய்ந்து வாகனங்கள் புரண்டன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திருப்பி அழைத்தார்கள். போர்ட் சொன்ன காற்று அளவு 26 பிஎஸ்ஐ, டயர் கம்பனி பின்னர் 30 என்றது, இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டினார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த வருடமே சட்டம் வந்து, 2007 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கும் புதிய இலகு வாகனங்கள் எல்லாவற்றிலும் இந்த லைட் கட்டாயமானது. சொன்ன அளவிலிருந்து 25 வீதம் குறைந்தால் எரிய வேண்டும் என்பது விதி. அதாவது 32 அடிக்க வேண்டிய டயர் 24க்கு வரும்வரை லைட் பேசாமல் இருக்கலாம். லைட் எரியவில்லை என்பதற்காகக் காற்றுச் சரி என்று நினைப்பது தவறு. பிரித்தானியாவில் 2012 ஜனவரி முதலாம் திகதி அல்லது அதற்குப் பின் ஓட ஆரம்பித்த கார்களில் வருடாந்தப் பரிசோதனையின்போது இந்த லைட்டையும் பார்க்கிறார்கள்.

வாகனம் வாங்கி விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். லைட் எரிகிறது என்று மீட்டரைக் கழற்றி பல்பைப் பிடுங்கிவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வந்த காசில் பரக்கத்தை எங்கே தேடுவது? வாங்குபவர்கள் இதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். திறப்பைப் போட்டவுடன் எல்லா லைட்டும் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். டயர் லைட் உள்ள மொடலில் அந்த நேரம் அது மட்டும் எரியாவிட்டால், யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பரிசோதனைக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். காலையில், வாகனத்தை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது சொந்தக் கேஜினால் பாருங்கள். கட்டுகஸ்தோட்டை வரை வெயிலில் ஓடிப்போய் ஷெட்டில் 32 என்று அடித்தால் மறுநாள் விடியற்காலையில் 28 அல்லது 29 தான் இருக்கும். சூடான டயரில் காற்று ஏறிக் காட்டுகிறதே என்று இறக்கிவிடவும் கூடாது. சரியான அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை அடிக்காதீர்கள். ஜப்பான் வாகனத்தில் கேபிஏ என்று இருந்தால் ஏழால் பிரியுங்கள், கிட்டத்தட்ட சரியாக வரும்: 230 என்றால் 33 பிஎஸ்ஐ. மூன்று நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஒரு டயர் மட்டும் இறங்கியிருந்தால் அதைக் கழற்றித் தண்ணீரில் போடுங்கள், வல்வையும் சேர்த்து. வெளியே பூட்டும் சென்சர் மூடி வல்வின் ஊசியை எந்நேரமும் அழுத்திக் கொண்டிருப்பதால் அதன் ரப்பர் வளையம் தேய்ந்தால் அங்கேயே காற்றுக் கசியும்.

நம் சகோதரர் ஆணியைப் பிடுங்கி ஒட்டினார், சென்சர் மூடிகளில் பெயின்டால் இலக்கம் எழுதினார். உள் டயரின் வல்வுக்கு வெளியே கை எட்டும்படியாக நீட்டு ஹோஸ் ஒன்றும் போட்டார். ஃபிட்னஸுக்கு மீட்டரோடுதான் போனார். அங்கே அதைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம்.