எண்ணெய்க் கிணறு: நம்மிடம் எப்போது கேட்பார்கள்?

ஊர்க் கண்மாய், மேய்ச்சல் புறம்போக்கு, வயல் ஓரம் என எங்கு எண்ணெய் எடுத்தாலும், அதனால் வரும் பாதிப்பை முதலில் கணக்கிட வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து மக்கள் கருத்தைக் கேட்கும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும்.

ஆனால் 2020 ஜனவரி 16இல் வந்த திருத்தம், ஆய்வுக் கிணறுகளை ‘பி2’ வகையில் சேர்த்துவிட்டது. அவற்றுக்கு மதிப்பீட்டு அறிக்கையும் இல்லை, கருத்துக் கேட்பும் இல்லை. பெயர்தான் ஆய்வு! துளை ஆயிரக்கணக்கான அடி இறங்கும். சேற்றுக் கழிவு சேரும். வாயு வந்தால் எரித்துப் பார்ப்பார்கள். எண்ணெய் உண்டென்று உறுதியாகி, உற்பத்திக்கு அனுமதி கேட்கும்போதுதான் நம் முறை வரும்.

தஞ்சை, திருவாரூர், நாகை பகுதிகளில் புதிய கிணறுகளுக்கு 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடை போடுகிறது. ராமநாதபுரம் அந்த மண்டலத்தில் இல்லை.

ஆகவே துளையிடும் பேச்சு எழுந்தவுடன், மஹல்லாவின் குடிநீர்க் கிணறுகளில் உப்பின் அளவைப் பரிசோதித்து, தேதியிட்ட முடிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். கடலோர ஊர்களில் தண்ணீர் ஏற்கெனவே கரிப்புத்தான். பின்னால் கூடுதலாகக் கரித்தால், ‘முன்பும் இப்படித்தானே இருந்தது’ என்பவர்களுக்குக் காட்ட அந்தத் தாள் வேண்டும்.