துயரத்துக்குப் பெயர் சொல்லிப் பழகுவோம்



1993 டிசம்பர் 11 அன்று, அம்பாங்கை அடுத்த உலு கிள்ளானில், ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் ஒரு கட்டடம் நிலச்சரிவால் இடிந்து விழுந்தது. 48 பேர் உயிரிழந்தனர். மண் அரிப்புப் பாடத்தில் இந்த எண்ணைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அவங்க பிள்ளைங்க அப்புறம் எப்படி டீச்சர் பள்ளிக்குப் போயிருப்பாங்க?"

மண்ணைப் பற்றிய பாடத்தில் இதற்கு விடை இல்லை. மூளையைப் பற்றிய பாடத்தில் கொஞ்சம் இருக்கிறது.

உணர்வுசார் நுண்ணறிவு என்றால் என்ன?

நம் உணர்வையும் பிறர் உணர்வையும் கண்டறிந்து, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிந்து, அதற்கேற்ப நடந்துகொள்ளும் திறனே அது. பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1990இல் இதை விளக்கினர். அழாமல் இருப்பது இந்தத் திறன் ஆகாது.

மூளையில் நடப்பது

ஆபத்தையும் அச்சத்தையும் உடனே உணரும் அமிக்டலா என்ற சிறு பகுதி மூளையின் ஆழத்தில் உள்ளது. அதைக் கட்டுப்படுத்த உதவும் முன்மூளைப் பகுதி முழுமையாக வளர ஏறக்குறைய 25 வயதாகும். உங்கள் வயதில் துயரம் கண்ணீராக மட்டும் வருவதில்லை. கோபம், குற்ற உணர்வு, வயிற்றுவலி, தூக்கமின்மை, பாடத்தில் கவனமின்மை என்றும் வரும். காரணமில்லாமல் எரிந்து விழும் நண்பன் துயரத்தில் இருக்கலாம்.

2007இல் மேத்யூ லீபர்மேன் குழுவினர் ஓர் ஆய்வு செய்தனர். அச்சமோ கோபமோ தெரியும் முகப்படங்களைப் பார்த்தவர்கள், அந்த உணர்வுக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது. முன்மூளையின் ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. பெயர் சொல்வதால் துயரம் மறைந்துவிடாது. அதைத் தாங்கும் பிடி கிடைக்கும்.

அழுதவன் மறுநாள் பந்து விளையாடினால் அன்பில்லாதவன் என்று எண்ணாதீர்கள். இழப்பை நினைப்பதும், அன்றாட வாழ்வுக்குத் திரும்புவதும் மாறி மாறி நடப்பதே இயல்பு என்று ஸ்ட்ரோபே, ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் விளக்கினர்.

நான் செய்த தவறு

ஒரு மாணவன் தந்தையை இழந்து, கருமக்கிரியை முடிந்து வகுப்புக்குத் திரும்பினான். "அவன் அப்பாவைப் பற்றி யாரும் பேசக்கூடாது" என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்தேன். அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்தேன். சில மாதங்கள் கழித்து அவன் சொன்னான்: "யாருமே அப்பா பேரைச் சொல்லல டீச்சர். அப்பான்னு ஒருத்தர் இருந்ததே பொய் மாதிரி ஆயிடுச்சு."

இழப்பு தானாக யாரையும் பக்குவப்படுத்தாது. கேட்பதற்கு ஒருவர் இருந்தால்தான் உணர்வைப் புரிந்துகொள்ளும் திறன் அதிலிருந்து வளரும்.

செய்து பாருங்கள்

1. "மனசு சரியில்லை" என்பதோடு நிறுத்தாமல், ஏக்கமா, பயமா, கோபமா என்று ஒரு சொல்லில் எழுதுங்கள்.

2. துயரத்தில் இருக்கும் நண்பனிடம் "அழாதே" என்பதற்குப் பதில், "அப்பாவைப் பற்றிச் சொல்லேன், கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். அவன் பேச விரும்பாவிட்டால் பக்கத்தில் அமர்ந்திருங்கள், அதுவே போதும்.

3. பல வாரங்களாகத் தூக்கமோ பசியோ இல்லையென்றால், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும்கூட, பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். தாலியான் காசே 15999 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

அந்த மாணவியின் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இதுதான்: பக்கத்து மேசையில் இருந்தவர் அவர்கள் சொல்வதைக் கேட்டிருந்தால், பள்ளிக்குப் போவது கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.