மருத்துவக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"பெரியவளாகி என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டால் நம் வகுப்பில் பாதிப் பேர் "டாக்டர்" என்றுதான் சொல்வோம். எப்படி டாக்டராவது என்று கேட்டால், "நீட் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்க வேண்டும்" என்போம். அது சரியே. ஆனால் 720 மதிப்பெண்ணுக்கு நடக்கும் அந்தத் தேர்வு முடிந்ததும் இன்னொரு தேர்வு காத்திருக்கிறது. எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதே அது. அதற்கு வினாத்தாள் கிடையாது; விடையை நாமும் நம் பெற்றோரும் சேர்ந்தே எழுத வேண்டும்.

முதலில், இடம் எவ்வாறு கிடைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 100க்கு 15 இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கின்றன. மீதி 85 இடங்களை மாநிலத்தின் தேர்வுக் குழு நிரப்புகிறது. தனியார் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீடு என்ற ஒன்றும் உண்டு. எல்லாவற்றுக்கும் கலந்தாய்வு நடக்கும். நாம் விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பட்டியல் தர வேண்டும். நமது முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தை நமக்கு ஒதுக்குவார்கள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. "இடம் கிடைக்கட்டும், பிறகு யோசிக்கலாம்" என்று இருக்கலாகாது. பட்டியல் எழுதும் அன்றே நாம் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். ஆகவே உண்மையில் விரும்பும் கல்லூரியையே மேலே எழுத வேண்டும். சேர மனமில்லாத கல்லூரியை எழுதவே கூடாது. அடுத்த சுற்றில் மேலான இடம் கேட்டு, அது கிடைத்துவிட்டால், பழைய இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தந்த ஆண்டின் விதிகளை ஒருமுறைக்கு இருமுறை படிப்பது நன்று.

சரி, எதை மேலே எழுதுவது? மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது கேள்வி: அங்கே நோயாளிகள் வருகிறார்களா? மருத்துவத்தின் நான்கு பகுதிகளைக் கூறும் திருவள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைக்கிறார். மருத்துவன்கூட அவனுக்குப் பிறகுதான். எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. புத்தகத்தை எந்த ஊரிலும் படிக்கலாம். ஆனால் நாடி பார்ப்பதையும், வயிற்றைத் தொட்டு நோயறிவதையும், பிரசவம் பார்ப்பதையும் நோயாளியின் கட்டிலருகேதான் கற்க முடியும். ஆகவே கல்லூரிக் கட்டடத்தின் அழகைப் பார்ப்பதைவிட, புறநோயாளிப் பிரிவின் வரிசையையும் பிரசவ வார்டையும் பார்ப்பதே முக்கியம். நம் மாநிலத்தின் அரசுக் கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரே தேர்வை எழுதி ஒரே பட்டத்தைப் பெறுகின்றன. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளுக்கும் பட்டத்தில் வேற்றுமை இல்லை.

இரண்டாவது கேள்வி: மொத்தச் செலவு எவ்வளவு? அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்கள். நிர்வாக ஒதுக்கீட்டிலோ பல இலட்சங்கள். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் துணியக் கூடாது. விடுதி, உணவு, புத்தகம், கடன் வட்டி எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அவர்களுடைய கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நம்மைப் போன்ற பள்ளிகளில் படிப்போருக்கு அது இல்லை. எனவே இந்தக் கணக்கு நமக்கு மிகவும் அவசியம்.

என் பெரியம்மாவின் மகளுக்கு இரண்டு பட்டியல்களிலும் இடம் கிடைத்தது. ஒன்று, பக்கத்து ஊரில் பெயர் பெற்ற தனியார் கல்லூரி. மற்றொன்று, 400 கிலோமீட்டருக்கு அப்பால் புதிதாகத் தொடங்கிய அரசுக் கல்லூரி. "பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா?" என்றார்கள் உறவினர்கள். பெரியப்பா இரண்டு ஏக்கர் வயலை விற்கவும் தயாராக இருந்தார். அக்காதான், "வயலை விற்றால் தம்பி எதை வைத்துப் படிப்பான்? நானும் கடனை அடைக்கத்தானே வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்?" என்று கேட்டாள். தூரத்துக் கல்லூரியிலேயே சேர்ந்தாள். அங்கே விடுதி முழுமையாகக் கட்டி முடிக்கப்படவில்லை. நூலகத்தில் பாதி அலமாரிகள் காலி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வீட்டுக்கு வருவாள். முதலாண்டில் நிறைய அழுதாள் என்று பெரியம்மா சொல்வார்கள். இப்போது மூன்றாம் ஆண்டு. போன முறை வந்தபோது, ஒரே இரவில் 7 பிரசவங்களை அருகில் நின்று பார்த்ததாகச் சொன்னாள். வயல் இன்னும் பெரியப்பா பெயரில்தான் இருக்கிறது.

தனியார் கல்லூரிகள் எல்லாம் தாழ்ந்தவை என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர்களும் நிறைய நோயாளிகளும் உள்ள தனியார் மருத்துவமனைகள் பல உண்டு. வசதியுள்ளவர்கள் சேர்வதில் தவறில்லை. ஆனால் பெருங்கடன் வாங்கிப் படித்தவர், கிராமத்தில் பணியாற்ற ஆசைப்பட்டாலும் போக முடியுமா? மேற்படிப்புக்கு இன்னும் மூன்றாண்டுகள் காத்திருக்க முடியுமா? பிறகு நம் வாழ்க்கைப் பாதையை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கடன்தான் தேர்ந்தெடுக்கிறது.

மூன்றாவது கேள்வி: என்னென்ன நிபந்தனைகள்? சில மாநிலங்களில் அரசுக் கல்லூரியில் படித்தவர்கள் குறிப்பிட்ட காலம் அங்கேயே பணியாற்ற ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் திருச்சபைகளின் பரிந்துரையில் சேர்பவர்கள், படிப்பு முடிந்து இரண்டாண்டுகள் மிஷன் மருத்துவமனைகளில் பணிபுரிய வேண்டும். இதைச் சுமையாக நினைப்பவரும் உண்டு, நல்வாய்ப்பாக நினைப்பவரும் உண்டு. வெளிமாநிலம் செல்வதானால் நோயாளியின் மொழியையும் கற்றாக வேண்டும். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கத் தெரியாதவர் எப்படி வைத்தியம் பார்ப்பது?

தோழியரே, தேர்ந்தெடுக்கும் உரிமையே நமக்கு எளிதில் வந்ததன்று. சென்னை மருத்துவக் கல்லூரி தொடங்கி 40 ஆண்டுகள் கழித்து, 1875இல்தான் அங்கே பெண்கள் சேர முடிந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம் தாய்மார் பெண் மருத்துவர் இல்லாமல் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கட்டர் அம்மையார், மருத்துவம் படிக்க அமெரிக்கா சென்றார். 1895இல் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898இல் கார்னெல் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். கல்லூரியை மாற்றினார், நோக்கத்தை மாற்றவில்லை. வேலூருக்குத் திரும்பி வந்து, 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டு நம்மில் பலர் பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவை எடுப்போம். கல்லூரிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யுமுன், "நான் யாருக்கு வைத்தியம் பார்க்க விரும்புகிறேன்?" என்ற கேள்விக்கு விடை எழுதிப் பார்ப்போமாக. அந்த விடை தெளிவாக இருந்தால், பட்டியலில் எதை முதலில் எழுதுவது என்பதில் குழப்பம் குறையும்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு