பழைய ரெட்மியை மாற்றலாமா?

கேள்வி: 2 ஜிபி ரேம் உள்ள ரெட்மி 9ஏ வைத்திருக்கிறேன். ரெட்மி ஏ4 5ஜி வாங்கலாமா? சிம் ஏர்டெல்.

பதில்: தாராளமாக மாற்றுங்கள். 2020-ல் வந்த போன் அது. ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டுத் திரும்பினால் வாட்ஸ்அப் மறுபடி முதலிலிருந்து திறக்கிறதல்லவா? இரண்டும் ஒருசேர நிற்க 2 ஜிபி போதவில்லை. படங்களை அழித்தெல்லாம் இதைச் சரிசெய்ய முடியாது. ஏ4-ல் 4 ஜிபி ரேம், வேகமான யுஎஃப்எஸ் சேமிப்பகம். வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

ஆனால் 5ஜிக்காக வாங்காதீர்கள். ஏ4, 4ஜி துணையின்றித் தனித்து இயங்கும் ‘ஸ்டாண்ட்அலோன்’ 5ஜியை மட்டுமே எடுக்கும். அது ஜியோ பிடித்த வழி. ஏர்டெல் தன் 5ஜியைப் பெரும்பாலும் 4ஜி கட்டமைப்பின் மேலேயே பரப்பியது; அந்த முறைக்குப் பெயர் ‘என்எஸ்ஏ’. உங்கள் சிம்முக்கு 4ஜிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5ஜி கட்டாயம் வேண்டுமென்றால், கடையில் ‘என்எஸ்ஏ உண்டா?’ என்று கேட்டு வேறு மாடல் எடுங்கள்.