சிறிய சமையலறை, அளவான செலவு: வாடகை வீட்டில் இடத்தைப் பயன்படுத்தும் முறை

சென்ட் லோரன்டில் வாடகைக்கு வீடு தேடுவோர் முதலில் பழகிக்கொள்வது மூன்றரை, நான்கரை என்னும் கணக்கையே. கியூபெக்கில் குளியலறை அரை அறையாகவும் ஏனையவை முழு அறைகளாகவும் எண்ணப்படுகின்றன. ஆகவே மூன்றரை வீடு என்பது ஒரு படுக்கையறை, ஒரு வரவேற்பறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை ஆகியவற்றைக் கொண்டது. கணக்கில் சமையலறை முழு அறைதான். ஆயினும் கோட்-வெர்ட்டு சுரங்க ரயில் நிலையத்தைச் சூழவுள்ள பழைய மாடிக் குடியிருப்புகளில் அந்த முழு அறை, இருவர் ஒருவரையொருவர் இலகுவாகக் கடந்து செல்ல முடியாத நடைவழியாகவே பல வேளைகளில் அமைந்துவிடுகின்றது. (யாழ்ப்பாணத்தில் வழங்கும் குசினி என்ற சொல் போர்த்துக்கேயர் வழியாக வந்தது. இங்கு பிரெஞ்சு மொழியில் சமையலறைக்கு வழங்கும் சொல்லும் அதே இலத்தீன் மூலத்திலிருந்து பிறந்ததே. பெயரளவில் நாம் புதிய இடத்துக்கு வரவில்லை.)

இத்தகைய சமையலறையை ஒழுங்கு செய்யப் பலர் முதலில் கடைக்குச் சென்று பெட்டிகளையும் தட்டுகளையும் வாங்குகின்றனர். இம்முறையை நாம் பரிந்துரைக்கவில்லை. சமையலறையில் உள்ள இடத்தின் அளவே கொள்வனவின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். வைப்பதற்கு இடமில்லாத பொருளை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அது இலாபமன்று.

வீட்டுடன் வருபவை எவை?

கியூபெக்கில் வாடகை ஒப்பந்தம், வாடகைக் குடியிருப்பு நிர்வாக நீதிமன்றத்தின் கட்டாயப் படிவத்தில் எழுதப்படுகின்றது. அடுப்பு, குளிர்சாதனப்பெட்டி முதலியவை வாடகைக்குள் அடங்குமா என்பதைக் குறிப்பதற்கு அப்படிவத்தில் இடமுண்டு. கையொப்பமிடுமுன் அப்பகுதியைக் கவனமாக வாசியுங்கள். வீடு பார்க்கச் சென்ற நாளில் சுவரோரம் நின்ற அடுப்பு முன்னைய குடியிருப்பாளருக்குச் சொந்தமானதாக இருக்கலாம். அவர் ஜூன் 30 ஆம் திகதி அதையும் எடுத்துச் சென்றுவிடுவார். மொன்றியலில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அந்நாளில் முடிவடைவதால், ஜூலை 1 ஆம் திகதி நகரில் எல்லோரும் ஒரே வேளையில் அடுப்புத் தேடுவர்.

அடுப்பையோ குளிர்சாதனப்பெட்டியையோ நீங்களே வாங்க வேண்டியிருப்பின், முதலில் அளவுநாடாவுடன் வீட்டுக்குச் செல்லுங்கள். இந்நாட்டின் வழக்கமான மின்னடுப்பு 30 அங்குல அகலம் கொண்டது. சிறிய குடியிருப்புகளில் 24 அங்குல அடுப்புக்கு மட்டுமே இடம் விடப்பட்டிருப்பதுண்டு. பொருள் நிற்கும் இடத்தை மட்டுமன்றி, வாயிற்கதவின் அகலத்தையும் மாடிப்படியின் திருப்பத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய பொருள் விற்கும் தனியார் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்வது அரிது.

ஜூலை முதல் வாரத்தில் வீதியோரங்களில் வைக்கப்படும் பொருட்களில் நல்லவையும் உண்டு. கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர்ப் பாத்திரங்களைக் கொதிநீரில் கழுவிப் பயன்படுத்தலாம். மர அலுமாரி, மெத்தை வைத்த கதிரை, மைக்ரோவேவ், கோப்பி இயந்திரம் ஆகியவற்றை எடுக்காதிருப்பதே நன்று. மூட்டைப்பூச்சி மரத்தின் இடுக்குகளிலும், கரப்பான் மின்சாதனங்களின் சூடான உட்பகுதியிலும் குடியிருக்கும். றெனெசான்ஸ் போன்ற மறுவிற்பனைக் கடைகளில் பாத்திரங்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

ஊரிலிருந்து கொண்டுவரப்படும் பொருட்கள் பற்றியும் ஒரு சொல். இலங்கையிலும் இந்தியாவிலும் விற்கப்படும் மிக்சியும் கிரைண்டரும் 230 வோல்ற் மின்சாரத்துக்கு உரியவை. இங்கு சுவரில் வருவது 120 வோல்ற். பயணப்பொதியின் எடையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு வரும் அந்த இயந்திரம், இங்கு அலுமாரியின் ஒரு தட்டை நிரப்புவதற்கே பயன்படும்.

பிராங்பேர்ட் நகரத்தின் பாடம்

சிறிய சமையலறை இன்று தோன்றிய சிக்கலன்று. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரம் தொழிலாளர் குடும்பங்களுக்காகப் பெருந்தொகையான வீடுகளைக் கட்டியது. அவ்வீடுகளுக்கான சமையலறையை 1926 இல் வடிவமைத்தவர் மார்கரேட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற ஒஸ்திரியக் கட்டடக் கலைஞர். அதன் அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. அதை வரைந்த காலத்தில் தமக்குச் சமைத்த அனுபவம் இருக்கவில்லை என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். சமைக்கும் ஒருவர் எத்தனை அடி நடக்கிறார், எங்கெங்கே திரும்புகிறார் என்பதைக் கணக்கிட்டே அவர் இடத்தை வகுத்தார். அரிசி, சீனி, பருப்பு முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் இருந்தன. அவற்றின் முனை வாய்போல் ஒடுங்கியிருந்ததால், இழுப்பறையை உருவி நேரடியாகப் பாத்திரத்தில் கொட்ட முடிந்தது.

நம் வீடுகளின் அஞ்சறைப்பெட்டியும் இதே எண்ணத்திலிருந்து பிறந்ததே. கடுகு, சீரகம், மஞ்சள், மிளகு, வெந்தயம் ஆகியவை தனித்தனிப் போத்தல்களில் ஐந்து இடங்களை அடைப்பதற்குப் பதிலாக, ஒரே மூடியைத் திறந்தால் தாளிப்பதற்கு வேண்டிய அனைத்தும் கைக்கு எட்டுகின்றன. பொருட்களை இனம் பிரித்து வைப்பதைவிட வேலை பிரித்து வைப்பதே சிறிய சமையலறைக்கு உகந்தது. புட்டுக்குழல், நீத்துப்பெட்டி, அரிதட்டு ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். இடியப்ப உரலும் தட்டுகளும் வேறொரு பெட்டியில் இருக்கட்டும். தேவைப்படும்போது பெட்டியுடன் எடுத்து, வேலை முடிந்தபின் பெட்டியுடனேயே உள்ளே வைக்கலாம்.

பிராங்பேர்ட் சமையலறையில் ஒரு குறையும் உண்டு. ஒருவர் தனியாகச் சமைப்பார் என்ற எண்ணத்திலேயே அது அமைக்கப்பட்டது. நம் வீடுகளில் தாய் புட்டு அவிக்க, மகன் பாத்திரம் கழுவ, பாடசாலையிலிருந்து வந்த பிள்ளை தண்ணீர் எடுக்க வரும். இவர்கள் மூவரும் மோதிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் அடுப்பின் முன்புறமே. கொதிக்கும் பாத்திரம் உள்ள இடமும் அதுவே. சமைக்காதவருக்குத் தேவைப்படும் பொருட்களை, அதாவது குவளைகள், தட்டுகள், தேநீர்ச் சாமான்கள், பிஸ்கற் ஆகியவற்றை, சமையலறை வாயிலுக்கு அருகிலோ வரவேற்பறையிலோ வையுங்கள். செலவில்லாத இம்மாற்றம் எந்த அலுமாரியைவிடவும் அதிக இடத்தைத் தரும்.

அடுக்கும் முறை எளியது. அன்றாடம் எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்திலும், பாரமானவை கீழேயும், மாதத்தில் ஓரிருமுறை எடுப்பவை மேலேயும் இருக்க வேண்டும். பொங்கல் பானைக்கும் ஐம்பது பேருக்குச் சமைக்கும் பெரிய சட்டிக்கும் சமையலறையில் இடம் வேண்டியதில்லை. படுக்கையறை அலுமாரியின் மேற்தட்டு போதும். மேசையில் பூட்டும் தேங்காய்த் துருவியை வைத்திருப்போரும், உறைந்த தேங்காய்ப்பூவைக் கடையில் வாங்கத் தொடங்கிய பின்னர் அது அவசியமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

சுவரில் தட்டு அடிக்க விரும்பினால் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். வீட்டைவிட்டு நீங்கும்போது, பெற்ற நிலையிலேயே அதை ஒப்படைக்கும் பொறுப்பு உங்களுடையது. தரையில் நிற்கும் தட்டு இத்தகைய வழக்குகளைத் தவிர்ப்பதுடன், அடுத்த வீட்டுக்கும் உடன் வரும்.

அரிசி மூட்டையின் கணக்கு

40 இறாத்தல் அரிசி மூட்டை ஏறத்தாழ 18 கிலோகிராம். அது ஏறக்குறைய 22 லீற்றர் கொள்ளளவை அடைக்கும். கடைகளில் கிடைக்கும் 20 லீற்றர் வாளியில் ஒரு முழு மூட்டையைக் கொட்ட முடியாது. நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி சமைக்கும் குடும்பத்துக்கு அம்மூட்டை 36 நாட்கள் வரும். கணவனும் மனைவியும் மட்டும் உள்ள வீட்டில், நாளுக்குக் கால் கிலோ எனக் கொண்டால், 72 நாட்கள் தேவைப்படும். மொன்றியலின் ஈரப்பதம் மிக்க கோடையில், மூட்டையின் பாதி தீருமுன்னரே அரிசியில் வண்டு தோன்றக்கூடும். அரிசியைச் சிறு பொதிகளாகப் பிரித்து, பூச்சியமாக அன்றிப் பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியசில் இயங்கும் உறைபெட்டியில் நான்கு நாட்கள் வைத்து, பின்னர் இறுக மூடும் பாத்திரத்தில் கொட்டினால் வண்டும் முட்டையும் அழியும். ஆனால் சிறிய உறைபெட்டியில் மூட்டையளவு அரிசிக்கு இடமேது? அயலவர் இருவர் சேர்ந்து ஒரு மூட்டையை வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதே இலகுவான வழி. மலிவு விலையும் கிடைக்கும், இடமும் மீதமாகும்.

எந்த அளவு உண்மையில் மலிவு என்பதை அறிய, கடைத்தட்டின் விலைச்சீட்டில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் 100 கிராமுக்குரிய விலையைப் பாருங்கள். பெரிய பொதி எப்போதும் மலிவானதன்று.

பாத்திரங்களுக்கு வருவோம். அடிப்படை உணவுப்பொருட்களுக்குக் கியூபெக்கில் விற்பனை வரி இல்லை. பிளாஸ்ரிக் பெட்டிகளுக்கு மத்திய, மாகாண வரிகள் சேர்ந்து 14.975% அறவிடப்படுகின்றது. 20 டொலர் பெட்டிகளுக்கு நீங்கள் கொடுப்பது ஏறத்தாழ 23 டொலர். தக்காளிக் குழம்பு, ஊறுகாய் வரும் கண்ணாடிப் போத்தல்கள் உணவின் விலைக்குள்ளேயே அடங்கியவை. இரண்டு மாதங்களில் ஒரு வீட்டுக்குப் போதுமான போத்தல்கள் தாமாகவே சேர்ந்துவிடும். ஒரே அளவான போத்தல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை மீள்சுழற்சிக்கு இடுங்கள். அளவு வேறுபட்டால் அவை அடுக்கில் நில்லா. வறுத்து அரைத்த கறித்தூளை மாத அளவுக்கு மட்டும் வெளியே எடுத்து, மீதியை உறைபெட்டியில் வைத்தால் மணம் குன்றாது.

உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் பிரித்து வையுங்கள். சேர்ந்திருந்தால் இரண்டும் விரைவில் கெடும். கழுவுதொட்டியின் கீழ்ப்பகுதி ஈரமானது என்பதால் அங்கு உணவுப்பொருள் எதுவும் வேண்டாம்.

வைக்கக் கூடாத இடங்கள்

இடம் போதாத வீட்டில் முதலில் பலியாவது அடுப்பின் கீழுள்ள வெதுப்பறை. நம்மவர் பலர் அதை நாளாந்தம் பயன்படுத்துவதில்லை. ஆகவே தாச்சி, தோசைக்கல், ரொட்டிப்பொதி, பிளாஸ்ரிக் மூடிகள் எல்லாம் அதற்குள் சென்றுவிடுகின்றன. குழந்தையோ விருந்தினரோ அறியாமல் குமிழைத் திருப்பினால் உள்ளே தீப்பற்றும். வெதுப்பறைக்குள் எதையும் வைக்காதீர்கள். அவ்வாறு தீப்பற்றினால் கதவைத் திறக்காமல் அடுப்பை நிறுத்தி, வீட்டிலுள்ளோருடன் வெளியேறி 911 ஐ அழையுங்கள். தாச்சியில் உள்ள எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாத்திரத்தை நகர்த்தவும் கூடாது. மூடியால் மூடி அடுப்பை நிறுத்துங்கள். அதற்காகவே அளவான மூடியொன்று அடுப்பருகே எப்போதும் இருக்கட்டும்.

மொன்றியலின் பழைய வீடுகளில் சமையலறையிலிருந்து பின்பக்க மாடத்துக்கும் படிக்கட்டுக்கும் செல்லும் கதவொன்று உண்டு. பனிக்காலத்தில் அது திறக்கப்படுவதில்லையாதலால் அரிசி மூட்டையும் வெங்காயப் பையும் அங்கே சாய்ந்துவிடுகின்றன. தீ விபத்தின்போது உங்களுக்குள்ள இரண்டாவது வழி அதுவே. அதனை மறைக்காதீர்கள். சுவரோரமுள்ள வெப்பமூட்டிக்கும் எப்பொருளுக்கும் இடையில் குறைந்தது 10 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும்.

மின்சாரத்துக்கும் எல்லை உண்டு. 15 அம்பியர் இணைப்பொன்று தாங்குவது 1,800 வொற். தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் மட்டும் 1,500 வொற் எடுக்கலாம். அதனுடன் சோறு சமைக்கும் குக்கரும் சேர்ந்தால் மின்சாரம் தடைப்படும். நீட்டிப்பு வயரால் இதைத் தீர்க்க முயல்வது ஆபத்து. ஒன்று முடிந்தபின் மற்றொன்றைப் போடுவதே தீர்வு.

கரப்பானும் எலியும்

பல குடும்பங்கள் வாழும் கட்டடத்தில் கரப்பான் வருவது உங்கள் வீட்டின் சுத்தக்குறைவுக்குச் சான்றன்று. வெட்கத்தால் மறைப்போர் உண்டு. அதனால் பூச்சி அடுத்த வீட்டுக்கும் பரவும். முதலில் வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். நடவடிக்கை எடுக்கப்படாவிடின் 311 ஐ அழையுங்கள். பூச்சி ஒழிப்போர் வருமுன் சமையலறை அலுமாரிகள் அனைத்தையும் வெறுமையாக்கும்படி கேட்கப்படுவீர்கள். பொருட்கள் வேலைவாரியாகப் பெட்டிகளிலும் இறுக மூடிய போத்தல்களிலும் இருந்தால் அப்பணி ஒரு மாலைப்பொழுதில் முடியும்.

தேவையற்றதென ஒதுக்கியவற்றில் நல்ல நிலையில் உள்ளவற்றை மறுவிற்பனைக் கடைக்கு அளியுங்கள். உடைந்த மின்சாதனங்களையும் பயன்படுத்திய பெயின்ரையும் சென்ட் லோரன்ட் சூழலியல் மையத்தில் ஒப்படைக்கலாம். செல்லும்போது வதிவிடச் சான்று எடுத்துச் செல்லுங்கள். மென்பானத் தகரங்களுக்கு 10 சதம் மீளப் பெறப்படுகின்றது. 2025 மார்ச் 1 முதல் பிளாஸ்ரிக் பானப் போத்தல்களுக்கும் அவ்வாறே. அவற்றைச் சமையலறையில் குவிக்காது வாரந்தோறும் கொண்டுசென்று கொடுங்கள். உணவு உதவியோ தளபாட உதவியோ தேவைப்படுவோர் 211 ஐ அழைத்து, அண்மையிலுள்ள சமூக நிறுவனங்கள் பற்றிக் கேட்டறியலாம்.