பெட்டி வேண்டாம், மோட்டாரைப் பாருங்கள்

கேள்வி: பாகூரில் சிறிய அரிசி ஆலை வைத்திருக்கிறேன். சீசன் நேரத்தில் கரண்ட் பில் பயமுறுத்துகிறது. மீட்டர் பக்கத்தில் ஒரு பெட்டி மாட்டினால் 30 சதவீதம் குறையும் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?
– ஆலை உரிமையாளர், பாகூர்

பதில்: வாங்காதீர்கள். அந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஒரு கெப்பாசிட்டர். அது பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும், யூனிட்டைக் குறைக்காது. பில்லில் பவர் ஃபேக்டருக்கு அபராதம் விழுந்திருந்தால் மட்டும், மோட்டாருக்கு ஏற்ற கெப்பாசிட்டரை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கரைகிற இடம் மோட்டார். 10 ஹெச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஆண்டுக்கு 3,000 மணி நேரம் ஓடினால் சுமார் 25,000 யூனிட் இழுக்கும். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 1,75,000 ரூபாய். மோட்டாரின் விலை இதில் ஒரு பங்குதான். பலமுறை காயில் கட்டி, திறன் 90 சதவீதத்திலிருந்து 85-க்கு இறங்கிய மோட்டார், அதே வேலைக்கு ஏறக்குறைய 1,500 யூனிட் கூடுதலாகத் தின்னும். வருடா வருடம் 10,000 ரூபாய்! அடுத்த முறை எரிந்தால் மறுபடி காயில் கட்டாமல் ஐ.இ.3 தர மோட்டார் வாங்கிவிடுங்கள்.

எலிவேட்டருக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரிய மோட்டார் போட்டிருக்கிறீர்களா? டாங் டெஸ்டரில் ஆம்பியரை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சுமையே இல்லாமல் ஓடும் மோட்டார்கூட முழுச் சுமை ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கை இழுக்கும். கிலோவாட் காட்டும் மீட்டரை வைத்து, நெல் ஓடும்போது அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்து ப்ளோயர். காற்று அதிகமென்று தகடு வைத்து அடைத்திருந்தால், அதை எடுத்துவிட்டு மோட்டார் பக்கம் சிறிய புல்லி மாட்டிப் பாருங்கள். விசிறியின் வேகம் 20 சதவீதம் குறைந்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். புல்லி விலைக்கு இவ்வளவு மிச்சம் தருகிற வேலை ஆலையில் வேறு இல்லை.

புழுங்கல் போடுகிறவர் என்றால் நீராவிக் குழாய்களுக்கு உறை சுற்றுங்கள். பாய்லருக்குப் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம். மீந்த உமியை விற்கலாம்.

கேள்வி: வில்லியனூரில் பட்டறை நடத்துகிறேன். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது. புதிய இயந்திரத்துக்கு அரசு உதவி உண்டா?
– பட்டறைக்காரர், வில்லியனூர்

பதில்: வேலை முடிந்ததும் எல்லாக் கருவிகளையும் மூடிவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். அது அடிக்கடி தானாகக் கிளம்பினால் எங்கோ காற்று கசிகிறது. ஹோஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் இடம் தெரிந்துவிடும். தேவைக்கு மேல் வைத்திருக்கும் அழுத்தத்தில் 1 பார் குறைத்தாலே 6, 7 சதவீதம் மிச்சம். இவை முடிந்த பிறகு புதியதைப் பற்றி யோசியுங்கள்.

மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் 'அடீட்டி' திட்டம் 2025 ஜூலையில் தொடங்கியது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கடன் வட்டியில் 5 சதவீதமும், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் சலுகை உண்டு. குறைந்தது 10 சதவீத எரிசக்தி மிச்சத்தைக் காட்ட வேண்டும். 14 தொழில் துறைகளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதால், உங்கள் தொழிலும் ஊரும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள். கடைசி 12 மாத கரண்ட் பில்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். மிச்சத்தை நிரூபிக்க அவைதான் வேண்டியிருக்கும்.