செல் மறந்தால் மருந்து ஏது?

பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு கெமிக்கல் பிரிவில் சேர்ந்தவன் நான். ஆனால் ரியாக்டரைப் பற்றிப் படிக்கப் போனால் அங்கேயும் உயிரியல் வந்து நிற்கிறது. சில ரியாக்டர்களில் வேலை செய்வது உயிருள்ள செல்கள்!

மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. என்ற புரத மருந்து 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைச் சுரப்பது சி.எச்.ஓ. செல். சீன ஹாம்ஸ்டர் என்ற எலிவகைப் பிராணியின் சூலகத்திலிருந்து 1957-ல் தியோடர் பக் என்ற விஞ்ஞானி வளர்த்தெடுத்த செல்வழி இது. மனித மரபணுவை அதற்குள் புகுத்தினால் மனிதப் புரதத்தைச் சுரக்கும். ஒருமுறை புகுத்தினால் போதுமா? அங்கேதான் சிக்கல்!

ஏன் மறக்கிறது?

முதல் காரணம், நகல் குறைவது. மெத்தோட்ரெக்சேட் என்ற நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். டி.எச்.எஃப்.ஆர். மரபணு அதிகம் உள்ள செல்தான் அதில் பிழைக்கும். அதோடு ஒட்டவைத்த மருந்து மரபணுவும் கூடவே பெருகும். நஞ்சை நிறுத்தினால் சில செல்களில் நகல்கள் உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, வாய்ப்பூட்டு. மரபணு அப்படியே இருக்கும். அதை முடுக்கும் பகுதியில் மெத்தில் தொகுதிகள் ஒட்டிக்கொள்ள, உற்பத்தி அடங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

மருந்து சுரக்கும் செல் 24 மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது, மறந்துபோன செல்லுக்குச் சுமை இல்லாததால் 20 மணியே போதும் என்று வைத்துக்கொள்வோம். 60 நாளில் முன்னது 60 முறை, பின்னது 72 முறை இரட்டிக்கும். வித்தியாசம் 12 தடவை. அதாவது 4096 மடங்கு! தொடக்கத்தில் ஆயிரம் நல்ல செல்லுக்கு ஒரு சோம்பேறி இருந்தாலும், கடைசியில் ஒரு நல்ல செல்லுக்கு நாலு சோம்பேறி. வயலில் களை மண்டுவது போலத்தான்.

தடுப்பது எப்படி?

1. ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டங்களைத் தனித்தனியே வளர்த்து, உற்பத்திக்கு வேண்டியதைவிடக் கூடுதல் தலைமுறைகள் ஓட்டிப் பார்த்து, சுரப்பு குறையாததையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. அதைச் சிறு குப்பிகளில் பிரித்து, திரவ நைட்ரஜன் குளிரில் உறையவைக்க வேண்டும். இதுதான் செல் வங்கி. ஒவ்வொரு உற்பத்திக்கும் புதுக் குப்பி. பழசையே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

3. மரபணுவைக் கண்ட இடத்தில் செருகாமல், அடங்கிப்போகாத இடமாகப் பார்த்துப் பொருத்தலாம்.

4. உற்பத்தி முடிந்த செல்லிலும் மரபணு மாறாமல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். 1995-ல் வகுக்கப்பட்ட கியூ5பி என்ற சர்வதேச வழிகாட்டி நெறி இதைக் கேட்கிறது.

நாம் ரியாக்டர் என்றதும் வெப்பம், அழுத்தம், பி.எச். என்று அடுக்குவோம். இங்கே செல்லின் வயதும் ஓர் அளவைதான். எத்தனை தலைமுறை ஆயிற்று என்று எழுதிவைக்காத ஆபரேட்டர், வெப்பமானி இல்லாமல் கொதிகலன் ஓட்டுகிறவர் மாதிரி. முதல் குப்பியில் இருந்த மருந்தேதான் ஆயிரமாவது குப்பியிலும் இருக்கும் என்று நம்பித்தான் நோயாளி கையை நீட்டுகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பதும் நம் தொழில்தானே!